பின்னால் வருகிறவரின் கண்ணால் பாருங்கள்: சைக்கிளுக்குப் பின் விளக்கு வாங்கப் போகிறவர்களுக்கு

சைக்கிளில் எது கெட்டாலும் ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். முன் விளக்கு அணைந்தால் சாலை இருட்டாகிவிடும், டயரில் காற்று இறங்கினால் உட்கார்ந்திருக்கும்போதே உடம்புக்குத் தெரியும், செயின் காய்ந்தால் சத்தம் போடும். பின் விளக்கு மட்டும் அப்படியில்லை. அது எரிகிறதா, மங்கிவிட்டதா, வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதா, மழைக் கோட்டுக்கு அடியில் மறைந்துவிட்டதா என்பதெல்லாம் பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அவர் நின்று நம்மிடம் சொல்லிவிட்டா போகப் போகிறார்?

எனக்கு ஒருவர் நின்று சொன்னார். 2023 குளிர்காலம், லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த நேரம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகம் பக்கத்தில் வேலை முடித்து சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை, ரோபோக்களும் அணைந்து கிடந்தன (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோ என்றுதான் பெயர்). ஒரு பக்கி (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) என்னைத் தாண்டிப் போய்க் கொஞ்ச தூரத்தில் ஓரமாக நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர், “தம்பி, கிட்ட வந்த அப்புறம்தான் உன்னைப் பார்த்தேன், பின்னால லைட்டே இல்லையே” என்றார். வேலையிடத்திலிருந்து கிளம்பும்போது அது எரிந்தது, என் கையால்தான் போட்டேன். எந்த இடத்தில் அணைந்தது, எத்தனை கிலோமீட்டர் அப்படி வந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது மணி நேரம் எரியும் என்று பெட்டியில் அச்சடித்திருந்த விளக்கு அது.

அந்த இரவுக்குப் பிறகு பின் விளக்கு என்றால் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன் ஆகிவிட்டேன். சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கைகளுக்கு, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு, எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய பிறகு என்ன செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கடைக்குப் போகுமுன் உங்கள் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சாலையில் போகிறீர்கள், எந்த நேரத்தில் போகிறீர்கள், அங்கே வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன. எந்த விளக்கு வேண்டும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்குள் வேக வரம்பு 60. நீங்கள் 20-இல் போகிறீர்கள் என்றால் பின்னால் வருகிற கார் உங்களை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது, அதாவது ஒரு நொடிக்கு 11 மீட்டர். நூறு மீட்டர் தள்ளியே அவர் உங்களைப் பார்த்துவிட்டால் ஒன்பது நொடி இருக்கிறது, தாராளம். இதையே ஊருக்கு வெளியே 100 வரம்புள்ள சாலையில் வைத்துப் பாருங்கள். இப்போது நெருங்குகிற வேகம் 80, நொடிக்கு 22 மீட்டர். அதே நூறு மீட்டருக்கு நாலரை நொடிதான். அதற்குள் அவர் பார்த்து, அது சைக்கிள்தான் என்று புரிந்துகொண்டு, எதிரே வண்டி வருகிறதா என்று கவனித்து, விலக வேண்டும். அங்கே உங்கள் விளக்கு முந்நூறு மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் பட்டாக வேண்டும். மேட்டில் ஏறும்போது நீங்கள் 10-க்கு இறங்கிவிடுவீர்கள், வித்தியாசம் இன்னும் கூடும். சாட்ஸ்வொர்த் பக்கம் மேடு பள்ளம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

வெருலம், டொங்காட் பக்கம் ஆர் 102 சாலையில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை கரும்பு வெட்டுகிற காலம். வெட்டுவதற்கு முன் வயலுக்குத் தீ வைப்பார்கள், சில நாள் அந்தப் புகை சாலை வரைக்கும் வந்து நிற்கும். கரும்பு ஏற்றிய லாரிகளும் அதே சாலையில்தான் போகும். 1860-இலிருந்து நம் தாத்தா பாட்டிகள் உழைத்த வயல்கள் அவை, அந்தச் சாலையில் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அங்கே சின்ன விளக்கோடு போகாதீர்கள்.

நேரம் என்று பார்த்தால், ஜூன் கடைசியில் டர்பனில் சூரியன் உதிக்க 6:50 ஆகிவிடும், மாலை 5:05-க்கெல்லாம் மறைந்துவிடும். விடியுமுன்னே கிளம்பி ஐந்து மணிக்கு மேல் திரும்புகிறவருக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அப்போது பகல் வெளிச்சத்தில் தெரிகிற விளக்குதான் உதவும். இரண்டு காலத்துக்கும் ஒரே விளக்கு வேண்டுமென்றால் பலவகை ஒளி அளவுகளுக்கு மாற்றக்கூடியதாகப் பாருங்கள்.

இரண்டாம் படி: பெட்டியில் உள்ள பெரிய எண்ணுக்கு மயங்காதீர்கள்

கடையில் எல்லாப் பெட்டியிலும் லூமன் என்று ஓர் எண் பெரிதாகப் போட்டிருக்கும். விளக்கிலிருந்து எல்லாத் திசைக்கும் மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பதுதான் லூமன். பின்னால் வருகிறவரின் கண்ணை நோக்கி எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு, அதற்குக் கேண்டெலா என்று பெயர். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து விட்டால் காலடியிலேயே கொட்டும். விரலால் பாதி அடைத்துப் பிடித்தால் அதே தண்ணீர் வேலி தாண்டிப் போகும். விளக்கில் அந்த விரலின் வேலையைச் செய்வது லென்ஸ். நல்ல லென்ஸ் உள்ள 50 லூமன் விளக்கு, வெறும் பிளாஸ்டிக் மூடி போட்ட 150 லூமன் விளக்கைவிடத் தூரத்தில் பளிச்சென்று தெரியலாம்.

தூரம் இரட்டிப்பானால் கண்ணுக்கு வந்து சேர்கிற ஒளி கால்வாசிதான். நூறு மீட்டரில் கண்ணைப் பறிக்கிற விளக்கு நானூறு மீட்டரில் அதில் பதினாறில் ஒரு பங்குதான். கடை மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேண்டெலாவைப் பல கம்பெனிகள் பெட்டியில் போடுவதே இல்லை. லூமனை வைத்துத்தான் தோராயமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். என் அனுபவத்தில், தெருவிளக்கு உள்ள ஊர்ச் சாலைக்கு இரவில் விட்டு விட்டு எரியாமல் நிலையாக 20 முதல் 40 லூமன் போதும். தெருவிளக்கு இல்லாத வேகச் சாலைக்கு 50 முதல் 100. பகலில் தெரிய வேண்டுமென்றால் 100-க்கு மேல், இல்லாவிட்டால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் நன்றாகக் குவிந்து மினுக்குகிற விளக்கு. உதாரணத்துக்கு, கார்மின் வேரியா ஆர்டிஎல் 515 பகலில் மினுக்கும்போது 65 லூமன்தான், ஆனால் 1.6 கிலோமீட்டர் தூரம் வரை தெரியும் என்று அதன் கம்பெனி சொல்கிறது. அதே விளக்கை இரவில் நிலையாக எரியவிட்டால் 20 லூமன். விலை உயர்ந்த விளக்கே இரவுக்கு 20 போதும் என்று வைத்திருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

அளவுக்கு மிஞ்சிய வெளிச்சமும் இரவில் தொந்தரவுதான். 300 லூமன் விளக்கைக் கும்மிருட்டில் முழு வேகத்தில் மினுக்க விட்டால் பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும். சைக்கிள் இங்கே இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு தள்ளி இருக்கிறது, சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பிடிபடாது. பிரகாசமான விளக்கு வாங்குங்கள், நானும் அதைத்தான் வாங்குகிறேன், ஆனால் இரவில் குறைத்து வைக்கக்கூடியதாக வாங்குங்கள்.

பகலிலும் எரியவிடுங்கள்

இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. டென்மார்க்கில் ஒடென்ஸ் என்ற ஊரில் 2004, 2005-இல் ஏறக்குறைய 3,800 சைக்கிள்காரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பகலிலும் இரவிலும் எப்போதும் மினுக்குகிற, சக்கரத்தில் மாட்டிய காந்தத்தால் எரிகிற விளக்குகள் பொருத்தினார்கள், மற்றவர்கள் வழக்கம்போல ஓட்டினார்கள். விளக்கு பொருத்தியவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. அவை ஒன்றும் பெரிய விளக்குகள் இல்லை, எப்போதும் எரிந்தன, அவ்வளவுதான்.

எங்கள் பாதையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்குப் போகிற திசை வடகிழக்கு. குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதும் அந்தப் பக்கம்தான். ஏழேகால் மணிக்கு நமக்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு டிரைவரின் கண்ணிலும் சூரியன் நேராக அடிக்கிறது, நாம் அவருக்கு ஒரு கறுப்பு நிழல். அந்தக் கால் மணி நேரத்தில் நான் விளக்கை அதன் உச்ச வெளிச்சத்தில் மினுக்க விடுகிறேன். முடிந்தால் கிளம்பும் நேரத்தையே இருபது நிமிடம் தள்ளிப் போடுங்கள், எந்த விளக்காலும் எதிர் வெயிலை முழுதாக வெல்ல முடியாது.

மினுக்க விடுவதா, நிலையாக எரிய விடுவதா?

மினுக்குகிற விளக்கு கண்ணை இழுக்கும், நிலையாக எரிகிற விளக்கு தூரத்தைச் சொல்லும். பகலில் கண்ணை இழுப்பதுதான் முக்கியம், மினுக்கட்டும். இரவில் தூரம் தெரிவது முக்கியம், நிலையாக எரியட்டும். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்குகிற விளக்கே கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள், தூரம் தெரியாமல் போவதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

என் வழி இரண்டு விளக்கு. ஒன்று சீட் போஸ்ட்டில் (இருக்கையைத் தாங்குகிற குழாயில்) நிலையாக எரியும், இன்னொன்று கேரியரிலோ ஹெல்மெட்டின் பின்புறத்திலோ சின்னதாக மினுக்கும். ஒன்று அணைந்தாலும் இன்னொன்று இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆயிரம் ராண்டுக்கு ஒரே விளக்கு வாங்குவதைவிட தலா ஐந்நூறு ராண்டுக்கு இரண்டு வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

சில விளக்குகளில் பாதி நிலையாக எரிந்துகொண்டே இடையில் ஒரு துடிப்பு மட்டும் வரும். அது கிடைத்தால் இரவுக்கு அருமை.

அப்புறம், பின்னால் மட்டும் தெரிந்தால் போதாது. குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவர் உங்களைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறார், ரோபோ வேலை செய்யாத நாளில் அவர் நிற்பாரா என்பதே சந்தேகம். விளக்கைக் கையில் பிடித்து முழுப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோணத்திலும் சிவப்பாக ஏதாவது ஒளிர வேண்டும். பக்கவாட்டில் முழு இருட்டாகிவிடுகிற விளக்கு என்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பேட்டரி: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள்

பெட்டியில் போட்டிருக்கிற முப்பது மணி நேரம், நாற்பது மணி நேரம் எல்லாம் இருப்பதிலேயே மங்கலான மினுக்கலுக்கான கணக்கு. நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகிற அளவில் எத்தனை மணி என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். முழு வெளிச்சத்தில் நிலையாக என்றால் பல விளக்குகளுக்கு இரண்டு முதல் ஆறு மணி நேரம்தான் வரும். மேலே சொன்ன வேரியாவுக்கே பகல் மினுக்கலில் 16 மணி, நிலையாக எரியவிட்டால் 6 மணி.

உங்கள் கணக்கு எளிதானது. ஒரு நாளைக்குப் போக வர எவ்வளவு நேரம்? எனக்கு இரண்டு மணி. அதை மூன்றால் பெருக்குங்கள். அத்தனை மணி நேரம் உங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தில் எரிகிற விளக்கு வாங்குங்கள். ஒரு நாள் சார்ஜ் போட மறந்தாலும் மறுநாள் ஓடும், இரண்டு வருடத்தில் பேட்டரி தேய்ந்து கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும்.

வாங்கி வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, நீங்கள் பயன்படுத்தும் அளவில் எரியவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரிய வரும். ஒன்று, உண்மையில் எத்தனை மணி நேரம். மற்றது, அது எப்படி அணைகிறது. சில விளக்குகள் கடைசி நிமிடம் வரை அதே வெளிச்சத்தில் எரிந்துவிட்டுப் பட்டென்று போகும். சில, முதல் மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும், எரிகிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், பின்னால் பார்த்தால் ஊதுபத்தி நுனி மாதிரி இருக்கும். சில நல்ல விளக்குகள் பேட்டரி குறைந்ததும் தாமாகவே குறைந்த அளவுக்கு மாறி மேலும் ஒரு மணி நேரம் சிக்கனமாக எரியும். இந்தக் கடைசி வகை கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரி குறைந்தால் நிறம் மாறிக் காட்டுகிற சின்னப் புள்ளி விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது பொத்தானிலேயே இருந்தால் சிக்னலில் நிற்கும்போது குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

2023-இல் பட்ட பாட்டுக்குப் பிறகு 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, ஆனால் 2025 தொடக்கத்தில் சில நாள் திரும்பி வந்தது. கேபிள் திருட்டால் ஒரு தெரு முழுக்க வாரக்கணக்கில் இருட்டாகக் கிடப்பதும் நமக்குப் பழகிப்போன விஷயம். இரவு படுக்கும்போது சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பாமல், வேலையிடத்தில் ஒரு கம்பி, பையில் ஒரு சின்ன பவர் பேங்க் வைத்திருங்கள். உங்கள் போனுக்கும் விளக்குக்கும் ஒரே யூஎஸ்பி-சி கம்பி என்றால் வாழ்க்கை எளிது, வாங்கும்போது இதையும் பாருங்கள்.

ஏஏஏ (AAA) பென்சில் செல் போடுகிற விளக்குகளை நான் தள்ளிவிட மாட்டேன். வெளிச்சம் குறைவுதான், ஆனால் எந்த மூலைக் கடையிலும் செல் கிடைக்கும். என் இரண்டாவது விளக்கு அந்த வகைதான். நீண்ட நாள் போடாமல் வைத்தால் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்து உள்ளேயிருக்கிற தகட்டை அரித்துவிடும்.

மழை, உப்புக் காற்று

டர்பன் கோடை மழையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேலேயிருந்து விழுகிற மழையைவிடப் பின் சக்கரம் கீழேயிருந்து வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர்தான் பின் விளக்கைக் கெடுக்கும். பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், 6 என்றால் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். தினமும் ஓட்டுகிறவர் 4-ஐ வாங்க வேண்டாம்.

சார்ஜ் போடுகிற துளையின் ரப்பர் மூடிதான் எல்லா விளக்குக்கும் பலவீனமான இடம். அது தளர்ந்துவிட்டால் பெட்டியில் போட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மழையில் நனைந்து வந்த அன்று உடனே கம்பியைச் செருகாதீர்கள், துடைத்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். கடற்கரை நடைபாதையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் விளக்கைத் துடைத்துவிடுங்கள், உப்பு படிந்தால் லென்ஸ் மங்கும், உலோகப் பகுதி பச்சை பூக்கும்.

பொருத்துவது: நல்ல விளக்கையும் வீணாக்குகிற இடம்

இருநூறு ராண்ட் விளக்கைச் சரியாகப் பொருத்தினால், தப்பாகப் பொருத்திய ஆயிரம் ராண்ட் விளக்கைவிட நன்றாகத் தெரியும். ஒளி குவிந்து வருகிற விளக்கு என்றால் கோணம் கொஞ்சம் தவறினாலே பின்னால் வருகிறவரின் தலைக்கு மேலே போய்விடும், இல்லாவிட்டால் தார்ச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சீட் போஸ்ட் சாய்வாக இருக்கும், விளக்கை அப்படியே மாட்டினால் அதுவும் சாய்ந்துதான் நிற்கும். சாய்வைச் சரிக்கட்டுகிற ரப்பர் ஆப்பு சிலவற்றோடு வரும், தூக்கி எறியாதீர்கள். இரவில் சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒளியின் நடுப்புள்ளி அந்தக் கோட்டின் மேல், அல்லது நாலு விரல் கீழே விழ வேண்டும். மேலே போகக் கூடாது.

உயரம் குறைந்தவர்களுக்கு சீட் போஸ்ட் வெளியே தெரிவதே கொஞ்சம்தான். அங்கே விளக்கை நெருக்கி மாட்டினால் இருக்கைப் பை மறைத்துவிடும். அவர்கள் இருக்கைக்குக் கீழிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கு இறங்குகிற இரண்டு சாய்வுக் குழாய்களில் வலது பக்கக் குழாயில் மாட்டலாம். இங்கே இடது ஓரமாக ஓட்டுகிறோம், வண்டிகள் நமக்கு வலப்புறமாகத் தாண்டுகின்றன, வலது பக்க விளக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேரியர் இருந்தால் இன்னும் நல்லது. கேரியரின் பின் தகட்டில் 50 மில்லிமீட்டர் அல்லது 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை இருக்கும், அதற்கென்றே செய்த விளக்குகளை போல்ட் போட்டு முடுக்கினால் திரும்பாது, விழாது, எளிதில் யாரும் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது.

ரப்பர் பட்டை இந்த வெயிலுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வெடிப்பு விடும். இழுத்துப் பார்த்து வெள்ளைக் கோடு தெரிந்தால் மாற்றுங்கள். பட்டை தனியாகக் கிடைக்கிற விளக்கா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஜெர்சி பாக்கெட்டிலோ பையின் துணி வளையத்திலோ விளக்கை மாட்டுவதை நான் விரும்புவதில்லை. பை தொங்கத் தொங்க விளக்கு தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மழைக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீளமான கோட்டின் பின் வால் சரியாக சீட் போஸ்ட் விளக்கின் மேல்தான் வந்து விழும். மழையும் இருட்டும் சேர்ந்த நேரத்தில், விளக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில், அது நம் கோட்டுக்குள்ளே பத்திரமாக எரிந்துகொண்டிருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்கோடு சேர வேண்டியவை

சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். அதற்கு பேட்டரி இல்லை, அணையாது. கணுக்காலில் ஒளி திருப்புகிற பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பிரிஸ்பேனில் செய்த ஆய்வுகளில், முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவர்களை டிரைவர்கள் இரவில் அதிகமாக அடையாளம் கண்டார்கள், ஏனென்றால் மேலும் கீழும் போகிற அந்த அசைவைப் பார்த்ததும் அது கால் மிதிக்கிற மனிதர் என்று மூளைக்குப் புரிந்துவிடுகிறது. சிவப்பு விளக்கு மட்டும் என்றால் தூரத்தில் அது எதுவாகவும் இருக்கலாம். ஒரு ஜோடிப் பட்டை சாப்பாட்டுச் செலவுக்குள் கிடைக்கும்.

பின்னால் சிவப்பு மட்டும்தான், வெள்ளை விளக்கைப் பின்பக்கம் திருப்பி வைக்காதீர்கள், எதிரே வருகிற வண்டி என்று நினைத்துவிடுவார்கள். ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். ஃப்ரீவேயில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, எவ்வளவு பெரிய விளக்கு இருந்தாலும் சரி.

ரேடார் உள்ள விளக்குகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பின்னால் வண்டி வருவதை 140 மீட்டர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, கைப்பிடியில் உள்ள திரையிலோ போனிலோ காட்டும். ஊருக்கு வெளியே நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு அது நிஜமாகவே உதவி. நெரிசலான ஊர்ச் சாலையில் இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்கும், அதற்காக அவ்வளவு பணம் போட வேண்டாம். திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

சக்கரத்தின் நடுவில் டைனமோ வைத்த சைக்கிள் என்றால் சார்ஜ் கவலையே இல்லை. அதில் பின் விளக்கு வாங்கும்போது, நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற வகையாக வாங்குங்கள், ரோபோவில் நிற்கும்போது அணைந்துவிடுகிற விளக்கு ஆபத்து.

கூட்டமாக ஓட்டும்போது ஒரு மரியாதை உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓட்டுகிற அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிற குழுக்கள் விடியுமுன்னே கிளம்புவார்கள். அங்கே உங்கள் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓட்டுகிற அண்ணனின் முகத்தில்தான் உங்கள் விளக்கு அடிக்கிறது. குறைந்த அளவில் நிலையாக வையுங்கள், கடைசி வரிசையில் இருக்கிறவர் மட்டும் முழு வெளிச்சம் வைக்கட்டும்.

கடைசிப் படி: ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் நின்று பாருங்கள்

விளக்கை மாட்டியாயிற்று, கோணம் பார்த்தாயிற்று. இப்போது உங்கள் சைக்கிளைத் தம்பியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கொடுத்து, வழக்கமாக நீங்கள் போடும் பையையும் கோட்டையும் மாட்டிவிட்டு, போக்குவரத்து இல்லாத ஒரு தெருவில் முந்நூறு மீட்டர் ஓட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் விளக்கு மற்ற விளக்குகளோடு கலந்து காணாமல் போகிறது, வளைவில் திரும்பும்போது தெரிகிறதா, மேட்டில் ஏறும்போது ஒளி எங்கே போகிறது என்று கவனியுங்கள். போனில் படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள், கேமரா விளக்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

நான் என் அக்கா மகனை அப்படி ஓட்டச் சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் பையின் தொங்குகிற பட்டை ஒன்று விளக்கின் குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி ஆடியதோ. அன்றைக்கே அதை வெட்டிவிட்டேன். இப்போது தினமும் கிளம்புமுன் விளக்கைப் போட்டுவிட்டு சைக்கிளுக்குப் பின்னால் பத்தடி நடந்து போய் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன், இரண்டும் எரிந்தால் ஏறிக்கொள்கிறேன்.